தன்னை இகழ்வது பணிவாகுமா?

 

பெருமை கூடாது என்று நம் மிம்பர்களில் எத்தனையோ பயான்கள் நடந்திருக்கின்றன. இப்லீஸ் கெட்டது பெருமையினால், ஃபிர்அவ்ன் கெட்டது பெருமையினால், காரூன் கெட்டது பெருமையினால் என்று நானும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லி வந்திருக்கிறேன். சொன்னதில் பிழையில்லை. ஆனால் கேட்டுக் கொண்டிருந்த ஸஃப்புகளில், பெருமை என்பதே என்னவென்று அறியாமல், தன்னைத் தானே காலில் போட்டு மிதித்துக் கொண்டிருக்கும் ஒருவரும் உட்கார்ந்திருப்பார் என்பது எனக்கு அப்போது தோன்றவேயில்லை. அப்படிப்பட்டவருக்கு நான் செய்த பயான் மருந்தா, நஞ்சா? இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பிய நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். இதில் குற்றவாளி நான்தான் என்பதால் சொல்வதற்குக் கூச்சம் வேண்டியதில்லை.

2020 ஆம் ஆண்டு. கொரோனாவினால் வேலை போய், சபரிலிருந்து வெறுங்கையோடு ஊர் திரும்பியவர்களில் எங்கள் முஹல்லாத் தம்பி ஒருவரும் இருந்தார். பெயர் வேண்டாம். பள்ளிவாசல்கள் மீண்டும் திறந்தபோது முதல் ஸஃப்பில் நின்றவர், சில வாரங்களில் கடைசி ஸஃப்புக்குப் போனார். பிறகு தூணுக்குப் பின்னால் நின்றார். பிறகு ஜமாஅத்துக்கே வரவில்லை. அவருடைய உம்மா எனக்கு ஆள் அனுப்பினார்கள். போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். சலாமுக்குப் பதில் சொன்னார். பேச வைக்க வெகு நேரம் ஆயிற்று.

“என் துஆவையெல்லாம் அல்லாஹ் கேக்குறதுக்கு நான் யாரு ஹஜ்ரத்? இந்த வீட்டுச் சோத்தத் திங்கிறதுக்கே எனக்குத் தகுதியில்ல.”

இதைக் கேட்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? “மாஷா அல்லாஹ்! இந்தப் பணிவைத்தான் தம்பி அல்லாஹ் விரும்புறான். இஸ்திஃக்ஃபாரை அதிகப்படுத்துங்க. ரொம்பக் கவலைப்பட்டா அது ஈமானைத் தின்னுடும்” என்றேன். அவர் தலையசைத்தார். நான் தேநீர் குடித்துவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு வீடு திரும்பினேன்.

மூன்று வாரம் சென்றிருக்கும். தஹஜ்ஜுதுக்கு எழுந்த அவர் உம்மா, வாசல் கதவு திறந்து கிடப்பதைக் கண்டு ஓடிப்போய், கிணற்றடியில் மகனின் கையைப் பிடித்தார்கள். அல்ஹம்து லில்லாஹ், பிடித்துவிட்டார்கள். அன்று காலையே மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். நானும் கூடப் போனேன்.

அந்த மருத்துவர் வீட்டாரிடம் கேட்ட கேள்விகளைக் கேட்கக் கேட்க எனக்கு வியர்த்தது. தூக்கம் எப்படி, பசி எப்படி, இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் விருப்பமில்லாமல் இருக்கிறாரா, உடல் அசதி உண்டா, ஒன்றில் மனம் நிற்கிறதா, சாவைப் பற்றிப் பேசினாரா? இவற்றோடு இன்னொன்றும் கேட்டார்: தன்னை எதற்கும் உதவாதவன் என்றோ, பெரும் பாவி என்றோ அளவுமீறிச் சொல்லிக் கொண்டாரா? டிப்ரெஷன் என்று அவர்கள் அழைக்கும் மனச்சோர்வு நோயின் அடையாளங்களில் அதுவும் ஒன்றாம். அதாவது, நான் தவாளுஃ என்று கண்டு மாஷா அல்லாஹ் சொன்னது, மருத்துவ ஏட்டில் நோய்க்குறியாக எழுதப்பட்டிருக்கிறது. காய்ச்சலில் கொதிக்கும் ஒருவனைத் தொட்டுப் பார்த்து, ‘நல்ல கதகதப்பான உடம்பு’ என்று பாராட்டியவன் போலானேன்.

ஆகவே கேள்வி இதுதான்: தன்னைக் கேவலமாக எண்ணுவது மார்க்கம் புகழும் பணிவுதானா? இல்லையென்றால் இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது?

பணிவுக்கு எதிர்ப்பதம் கிப்ர். அது இன்னதென்று பெருமானார் (ஸல்) அவர்களே விளக்கிவிட்டார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவித்து ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான ஹதீஸ் அது. கடுகளவு பெருமை உள்ளவன் சுவனம் புகமாட்டான் என்று கேட்டதும் ஒருவருக்குக் கவலை வந்துவிட்டது. ஆடை அழகாக இருக்கவேண்டும், காலணி அழகாக இருக்கவேண்டும் என்று மனிதன் ஆசைப்படுகிறானே, அது பெருமையா என்று கேட்டார். இல்லை என்றார்கள் நபியவர்கள். அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறவன். பெருமை என்பது உண்மையை ஏற்க மறுப்பதும், மனிதர்களை இழிவாகப் பார்ப்பதுமே என்று விளக்கினார்கள்.

சற்று நின்று பாருங்கள். அடையாளங்கள் இரண்டுதான். ஒன்று உண்மையை மறுப்பது, மற்றொன்று மனிதர்களை இழிவாகப் பார்ப்பது. அப்படியானால் பணிவு என்பது உண்மையை ஏற்பதும், எந்த மனிதரையும் இழிவாகப் பாராதிருப்பதும் ஆகும். இப்போது ஒன்று கேட்கிறேன். நானும் ஒரு மனிதன்தானே? ஆதமுடைய மக்களைக் கண்ணியப்படுத்தியிருப்பதாக அல்லாஹுத்தஆலா பனீ இஸ்ராயீல் சூராவின் 70 ஆம் வசனத்தில் அறிவிக்கிறான். அதில் என்னை மட்டும் விட்டுவிட்டானா? அவன் கண்ணியப்படுத்திய ஒன்றை, அது நானாகவே இருந்தாலும், குப்பை என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

நோயாளி பெருமைக்காரன் என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. அல்லாஹ் காப்பானாக! நோயில் வரும் எண்ணத்துக்கு நோயாளியைக் குற்றம் பிடிக்க முடியாது. நல்ல உடல்நிலையில் இருந்துகொண்டு, தன்னைத் தூற்றிக்கொள்வதே தக்வா என்று போதிக்கும் என் போன்றவர்களைத்தான் சொல்கிறேன். முஃமின் தன்னைத் தானே இழிவுபடுத்திக் கொள்வது தகாது என்றும், அது தாங்க முடியாத சோதனையைத் தானே வலிந்து தலையில் ஏற்றிக்கொள்வது என்றும் நபியவர்கள் சொன்னதாக ஹுதைஃபா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. இத்தனை ஆண்டில் எத்தனை முறை அதை நான் மிம்பரில் சொல்லியிருக்கிறேன்? நினைவில்லை. ஒருமுறை கூடச் சொன்னதில்லை என்றே அஞ்சுகிறேன்.

பணிவுள்ளவர் தன்னைப் பற்றி அதிகம் நினைப்பதேயில்லை. அவர் பார்வை அல்லாஹ்வின் மீதும், எதிரே நிற்கும் மனிதர் மீதும் இருக்கிறது. தன்னை இகழ்கிறவரோ இரவும் பகலும் தன்னையே பார்த்துக் கொண்டிருக்கிறார். பார்த்துப் பார்த்துப் புண்ணாகிறார். பணிவு ஸஜ்தாவுக்கு இழுத்துச் செல்லும். அந்தத் தம்பியை அவருடைய எண்ணமோ ஸஜ்தாவிலிருந்து தூணுக்குப் பின்னாலும், தூணிலிருந்து வீட்டுச் சுவருக்கும் இழுத்துச் சென்றது. போகும் திசையை வைத்தே நான் அடையாளம் கண்டிருக்க வேண்டும்.

இதைவிட நுட்பமான ஒன்றை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாகப் பெறுகிறோம். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. மனம் குமட்டிக் கனத்துக் கிடக்கும் வேளையில், என் நஃப்ஸ் ‘கபுஸத்’ ஆகிவிட்டது என்று உங்களில் யாரும் சொல்ல வேண்டாம், ‘லகிஸத்’ ஆகிவிட்டது என்று சொல்லட்டும் என நபியவர்கள் கற்றுக் கொடுத்தார்கள். இரண்டு சொற்களும் ஏறக்குறைய ஒரே நிலையைத்தான் குறிக்கும் என்கிறார்கள் ஹதீஸ் விளக்கவுரையாளர்கள். ஆனால் முதல் சொல் ‘கபீஸ்’ என்ற வேரிலிருந்து வருகிறது. கபீஸ் என்றால் அசுத்தமானது, கெட்டது. இரண்டாவது சொல்லிலோ குமட்டல், சஞ்சலம், சரியில்லாமை என்ற அளவே உண்டு.

நிலைமை ஒன்றுதான், வேதனையும் ஒன்றுதான். அதை இல்லையென்று மறைக்கும்படி நபியவர்கள் சொல்லவில்லை, வாய்விட்டுச் சொல்லத்தான் சொன்னார்கள். ஆனால் அசுத்தம் என்ற பெயரைத் தன் ஆன்மாவுக்குச் சூட்டுவதற்கு மட்டும் அனுமதி தரவில்லை. என் மனம் சரியில்லை என்பதற்கும் நான் சரியில்லாதவன் என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம்! முன்னது வந்து போகும் நிலையைச் சொல்கிறது. பின்னது ஒரு மனிதருக்கு எழுதப்பட்ட தீர்ப்பாகிவிடுகிறது. மனச்சோர்வு நோய் செய்யும் சூழ்ச்சியே இந்த முன்னதைப் பின்னதாக மாற்றிக் காட்டுவதுதான். நோய் பேசுவதை நோயாளி தன் சொந்த அறிவு பேசுவதாக நம்பிவிடுகிறார். அதிலும் மார்க்கப் பற்றுள்ளவராக இருந்தால், தன் மனசாட்சியே பேசுவதாக நம்புகிறார்.

தொழுகையில் முன்னிருந்த இன்பம் இல்லையே, அப்படியானால் நான் முனாஃபிக்தானே என்று அழும் இளைஞர்களையும் பெண்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஹன்ளலா (ரலி) அவர்களின் செய்தியைச் சொல்லலாம். நபியவர்களின் சபையில் இருக்கும்போது சுவனமும் நரகமும் கண்ணெதிரே தெரிவதுபோல் இருக்கிறது, வீட்டுக்கு வந்து மனைவி மக்களோடு கலந்ததும் அந்த நிலை போய்விடுகிறது என்பதற்காகத் தாம் முனாஃபிக் ஆகிவிட்டதாகவே அந்த ஸஹாபி தெருவில் புலம்பிக்கொண்டு போனார். எதிரே வந்தவர் யார்? அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள்! தமக்கும் அப்படித்தான் ஆகிறது என்றார்கள் அவர்கள். இருவரும் நபியவர்களிடம் போனார்கள். எப்போதும் ஒரே நிலையில் இருக்க மனிதனால் ஆகாது, ஒரு நேரம் இப்படி, ஒரு நேரம் அப்படி என்று சொல்லி அவர்களைத் தேற்றினார்கள். முனாஃபிக் என்ற தீர்ப்பு அங்கே ஏற்கப்படவில்லை.

நிற்க. தன்னை மதிப்பது என்று பேசினால், இது மேல்நாட்டார் கொண்டுவந்த சரக்கல்லவா என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். அவர்களுடைய தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. கண்ணாடி முன் நின்று, ‘நான் உயர்ந்தவன், நான் வெல்வேன்’ என்று நாளும் சொல்லிக்கொள்ளச் சொல்லும் பயிற்சிகள் எனக்கும் பிடிப்பதில்லை. ஏனென்றால் அந்த மதிப்பு எதன் மீது நிற்கிறது? சம்பளத்தின் மீது, மதிப்பெண்ணின் மீது, முகத்தின் நிறத்தின் மீது. அவை சரிந்தால் அதுவும் சரியும். எங்கள் தம்பிக்கு நடந்ததே அதுதானே! சபரில் இருந்தபோது வீட்டில் அவர் பேச்சுக்கு மேல் பேச்சில்லை. திரும்பி வந்த பிறகு, பணத்தைப் பற்றி யாரும் ஒரு சொல் கேட்காவிட்டாலும், சோற்றுத் தட்டைப் பார்த்துக் குறுகிப் போனார். மாப்பிள்ளை வீட்டார் நான்கு தடவை பார்த்துவிட்டுப் போன பெண்ணையும், பிள்ளையில்லாத மருமகளையும் கேட்டுப் பாருங்கள். நம் வீடுகளிலும் ஒரு சந்தை நடக்கிறது. அங்கே மனிதர்களுக்கு விலை கட்டுகிறோம்.

இதை ஆராய்ந்து பார்த்தவர்களும் உண்டு. ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் என்ற இருவர் தெற்கு லண்டனில் கேம்பர்வெல் பகுதிப் பெண்களின் வாழ்க்கையை ஆராய்ந்து 1978 இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். இழப்போ பெருங்கஷ்டமோ வரும்போது எந்தப் பெண்கள் மனச்சோர்வில் விழுகிறார்கள் என்று தேடினார்கள். பதினொரு வயதுக்கு முன்பே தாயை இழந்தவர்கள், பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மூன்று அல்லது அதற்கு மேல் வீட்டில் இருப்பவர்கள், வெளியில் வேலையில்லாதவர்கள், மனம் திறந்து பேச நெருங்கிய ஒருவர் இல்லாதவர்கள் ஆகியோர் அதிகமாக விழுந்தார்கள். இந்த நான்கையும் இணைக்கும் சரடு, தன்னைப் பற்றிய மதிப்புக் குறைந்து போவதாக இருக்கலாம் என்று கருதினார்கள். பிறகு 2013 இல் இரண்டு ஆய்வாளர்கள், ஒரே ஆட்களைக் காலப்போக்கில் தொடர்ந்து கவனித்த 77 ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். மனச்சோர்வு தன்மதிப்பைக் குறைப்பதைக் காட்டிலும், தன்மதிப்புக் குறைவு பின்னால் மனச்சோர்வைக் கொண்டுவருவதே வலுவாகத் தெரிந்தது. ஆகவே ஒரு பிள்ளையைப் பார்த்து ‘நீ எதுக்கும் லாயக்கில்ல’ என்று நாம் விளையாட்டாகச் சொல்லும் சொல் எங்கே போய் விதையாகிறது என்பதை யோசித்துக் கொள்ளுங்கள்.

சந்தை என்று சொன்னேன். மதீனத்துச் சந்தையில் நடந்ததைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. பாலைவனத்துக் கிராமவாசி ஒருவர், ஸாஹிர் (ரலி) என்று பெயர். பார்வைக்கு அழகில்லாதவர். ஊரிலிருந்து ஏதேனும் பொருள் கொண்டுவந்து நபியவர்களுக்கு அன்பளிப்பாகத் தருவார், சந்தையில் விற்பார். ஒருநாள் அவர் விற்றுக் கொண்டிருக்கும்போது நபியவர்கள் ஓசைப்படாமல் பின்னால் வந்து கட்டிப்பிடித்துக் கொண்டார்கள். யாரது, விடுங்கள் என்று திமிறியவர், யாரென்று தெரிந்ததும் தம் முதுகை அந்த நெஞ்சோடு இன்னும் ஒட்டிக்கொண்டாராம். இந்த அடிமையை வாங்குவோர் யார் என்று நபியவர்கள் வேடிக்கையாகக் கூவினார்கள். அதற்கு ஸாஹிர் சொன்ன பதிலைத்தான் கவனிக்க வேண்டும். அல்லாஹ்வின் தூதரே, அப்படியானால் நான் விலை போகாத சரக்காகத்தான் இருப்பேன் என்றார். வேடிக்கையோடு வேடிக்கையாகச் சொன்ன சொல்தான். ஆனால் அதை நபியவர்கள் சும்மா போகவிடவில்லை. அல்லாஹ்விடத்தில் நீர் விலை போகாதவர் அல்லர் என்று உடனே திருத்தினார்கள். திர்மிதி இமாமின் ஷமாயிலில் இருக்கிறது இது.

நீர் அழகானவர்தான் என்றோ, சந்தையில் உமக்கு நல்ல விலை கிடைக்கும் என்றோ நபியவர்கள் பொய்யாகப் புகழவில்லை. விலை கட்டும் இடத்தையே மாற்றினார்கள். மேல்நாட்டார் பேசும் தன்மதிப்புக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு இதுவென்று நான் புரிந்துகொள்கிறேன். நம் மதிப்பு நாம் சம்பாதித்தது அன்று, ஆகவே நாம் இழக்கக் கூடியதும் அன்று. அது ஓர் அமானிதம். இன்னொன்றும் கவனித்தேன். அந்தச் சொல்லைத் தூர நின்று சொல்லவில்லை. கட்டிப்பிடித்தபடி சொன்னார்கள். நானோ எங்கள் தம்பிக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி உபதேசம் செய்துவிட்டு வந்தேன்.

இனி நம் வீட்டுப் பெண்களுக்காக ஒன்று. பிள்ளை பெற்ற தாய் மகிழ்ச்சியாக இல்லாமல் அழுதுகொண்டேயிருந்தால், ‘அல்லாஹ் பிள்ளையைக் கொடுத்திருக்கான், நன்றி கெட்டவளா இருக்காளே’ என்று மாமிமார் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். மகப்பேற்றுக்குப் பின் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 13 பேருக்கு மனநலக் கோளாறு, பெரும்பாலும் மனச்சோர்வாக, வருகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. திருமறையில் மர்யம் (அலை) அவர்களின் சூராவைத் திறந்து பாருங்கள். பிரசவ வேதனையில் பேரீச்ச மரத்தடியில் தனியே கிடந்தபோது, இதற்கு முன்பே இறந்து, அடியோடு மறக்கப்பட்டவளாக ஆகியிருக்கக் கூடாதா என்று ஏங்கினார்கள். இப்படி ஏங்கியவர் யார்? உலகப் பெண்களில் அல்லாஹ் தேர்ந்தெடுத்த பெண்மணி!

வானத்திலிருந்து கண்டனம் வந்ததா? இல்லை. கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதல் வந்தது. காலடியில் நீரோடை, மரத்தை உலுக்கினால் கனிந்த பழம், உண்ணவும் பருகவும் கட்டளை. முதலில் சோறும் தண்ணீரும் வந்தன. அதற்கடுத்து வந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. மனிதர் யாரையேனும் கண்டால் பேசாநோன்பு நேர்ந்திருப்பதாகத் தெரிவித்துவிடும்படி சொல்லப்பட்டது. அதாவது, ஊராருக்குப் பதில் சொல்லும் பாரத்தை ரப்புல் ஆலமீன் அந்தத் தாயின் தலையிலிருந்து இறக்கி வைத்தான். நம் வீடுகளிலோ நொந்து கிடப்பவரைச் சுற்றி உட்கார்ந்து, ஏன் அழுகிறாய், என்ன குறை உனக்கு, யாரிடம் இல்லாத கஷ்டம் உனக்கு என்று விசாரணை நடத்துகிறோம். காரணம் தெரிந்தால்தானே அவர் சொல்வார்!

காரணம் தெரியாத துக்கமும் உண்டு என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் எழுதி வைத்திருக்கிறார். பல்கு நகரத்து அபூ ஸைத் அல்பல்கி (ரஹ்), ஹிஜ்ரி 322 இல், அதாவது கி.பி. 934 இல் மறைந்தவர். உடல்களின் நலனையும் ஆன்மாக்களின் நலனையும் பற்றி அவர் எழுதிய ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்ற நூலில், துக்கத்தை இரண்டாகப் பிரிக்கிறார். இழப்பு, பிரிவு என்று காரணம் தெரிந்த துக்கம் ஒன்று. காரணம் இன்னதென்று தெரியாமல் உடலின் நிலையிலிருந்தே எழும் துக்கம் மற்றொன்று. பின்னதற்கு உடலுக்கான மருத்துவமும் வேண்டும் என்கிறார். நலமாக இருக்கும் காலத்திலேயே வீட்டில் மருந்து வாங்கி வைத்திருப்பதுபோல, மனம் தளரும் நாளுக்கென்று நல்ல எண்ணங்களை முன்கூட்டியே சேர்த்து வைக்கவேண்டும் என்றும் சொல்கிறார். இப்படி ஒரு மூதாதையர் இருக்க, மனநோய்க்கு மருந்து சாப்பிடுவது தவக்குலுக்கு மாற்றம் என்று பேசுகிறவர்களை என்ன சொல்ல!

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களுடைய செய்தியும் நினைவுக்கு வருகிறது. பக்தாத் நிஜாமிய்யாவில் பெரும் பேராசிரியராக இருந்தபோது, ஹிஜ்ரி 488 இல் (கி.பி. 1095) அவர்களுக்கு நா கட்டிப்போயிற்று. பாடம் நடத்த வாய் வரவில்லை, கவளம் தொண்டையில் இறங்கவில்லை, உடல் மெலிந்தது. வந்து பார்த்த மருத்துவர்கள், இது உள்ளத்தில் தோன்றி உடலுக்கு இறங்கியது என்று கையை விரித்தார்கள். இன்றைய நோய்ப் பெயரை அவர்கள் மீது ஒட்ட எனக்குத் துணிவில்லை. நான் வியப்பது வேறொன்றுக்காக. இதையெல்லாம் ‘அல்முன்கித்’ என்ற நூலில் வெட்கப்படாமல் தம் கையாலேயே எழுதி வைத்தார்கள். நாம் மறைக்கிறோம். மாத்திரைப் பெட்டியைத் துணி அலமாரிக்குள் ஒளித்து வைக்கிறோம், பெண் கொடுக்க மாட்டார்கள் என்ற பயத்தில். மறைத்து ஒதுக்குவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் மாவட்டங்களிலேயே சாட்சி இருக்கிறது. 2001 ஆகஸ்டு 6 ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றி மாண்டார்கள். இருபத்தெட்டு உயிர்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அப்படியானால் திக்ரும் துஆவும் வேண்டாமா? வேண்டும். கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் நபியவர்களே அடிக்கடி பாதுகாவல் தேடினார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அதே துஆவில் இயலாமையும் சோம்பலும் சேர்ந்து வருகின்றன, இந்த நோயில் சேர்ந்து வருவதைப் போலவே. பாதுகாவல் தேடும்படி நமக்குக் கற்றுத் தரப்பட்ட ஒன்று நமக்கு வந்துவிட்டால், அது ஈமான் இல்லாததற்கு அத்தாட்சி என்று எப்படிச் சொல்வது? மகனுக்காக அழுதழுது கண்கள் வெளுத்துப்போன யஃகூப் (அலை) அவர்களுக்கு ஈமான் குறைந்தா போயிற்று? துஆவும் மருந்தும் ஒன்றையொன்று தள்ளுவதில்லை. நோயாளி நின்று தொழ முடியாவிட்டால் உட்கார்ந்து தொழலாம், அதுவும் முடியாவிட்டால் படுத்துத் தொழலாம் என்று ஷரீஅத் இறங்கி வருகிறது. நாம்தான் இறங்குவதில்லை. நோன்பு மாதத்தில் மாத்திரை வேளைகளைப் பற்றி மருத்துவரிடமும் ஆலிமிடமும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளிக்கு நோன்பைப் பிற்படுத்தும் சலுகையை அல்லாஹ்வே பகரா சூராவில் கொடுத்திருக்கிறான். இந்த மாத்திரைகள் தலைவலி மாத்திரை போல அன்றே கேட்பதில்லை, பல வாரங்கள் ஆகும். பயனில்லை என்று பாதியில் நிறுத்துவதும், நலமாகிவிட்டது என்று தாமாக நிறுத்துவதும் ஆபத்து. இரவில் ஒருவரோடு பேசியாக வேண்டும் என்ற நிலை வந்தால், அரசின் டெலி மானஸ் 14416 என்ற எண்ணை இலவசமாக எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுகிறார்கள். சாவைப் பற்றிப் பேசுகிறவரைத் தனியே விடாதீர்கள். அவர் வாய்விட்டுச் சொல்வதைத் தடுக்கவும் செய்யாதீர்கள்.

எங்கள் தம்பிக்குக் குணமாக ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. இடையில் ஒருமுறை மீண்டும் விழுந்து எழுந்தார். இப்போது மளிகைக் கடையொன்றில் கணக்குப் பார்க்கிறார். சபரில் வாங்கிய சம்பளத்தில் இது நாலில் ஒரு பங்குகூட இராது. மாத்திரை இன்னும் தொடர்கிறது.

ஒருநாள் மஃக்ரிபுக்குப் பின் அவரை உட்கார வைத்து, “தம்பி, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. மன்னிச்சிருங்க” என்றேன். பதறிப்போனார். “நீங்க வந்து பார்த்ததே பெருசு ஹஜ்ரத்” என்றார். பிறகு, எது உதவியது என்று கேட்டேன். மருந்து என்றார். சற்று யோசித்து, தம் ராத்தாவைச் சொன்னார். அந்தப் பெண் தினமும் அஸருக்குப் பிறகு வாற்கோதுமைக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அங்கேயே உட்கார்ந்து பூ கட்டுவாராம். சில நாள் கஞ்சி அப்படியே ஆறிப்போகும். மறுநாளும் கொண்டுவருவார். துக்கத்தில் இருப்பவர்களுக்கு வாற்கோதுமை மாவில் தல்பீனா காய்ச்சிக் கொடுக்கச் சொல்வார்கள் நம் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள். அது நோயாளியின் உள்ளத்துக்கு இதமளித்து, துக்கத்தில் சிறிது போக்கும் என்று நபியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் அவர்கள். புகாரியில் இருக்கிறது. அந்த ராத்தாவுக்கு ஹதீஸ் தெரியுமா என்று கேட்டேன். தெரியாதாம், சும்மாதான் செய்தாராம்.

இன்னும் சில நாட்கள் அவர் கடைசி ஸஃப்பில்தான் நிற்கிறார். தொழுகை முடிந்ததும் என் பக்கம் பார்த்து, “இன்னிக்கு மனசு சரியில்ல ஹஜ்ரத்” என்பார். சரி தம்பி என்று சொல்லிக் கையைப் பிடித்துக் கொள்வேன். இருவரும் வாசல்வரை ஒன்றாக நடப்போம்.